பிலோமினா டீச்சருக்கு விளங்கவில்லை

கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கிவிட்டார். இனி எதிரில் நிற்கும் பிள்ளை பேசி முடிக்கும்வரை அது மூக்கில் ஏறாது. பிள்ளை தரம் ஆறு. முறைப்பாடு ஒரு குடை பற்றியது.

“டீச்சர், அவ என்னய விட்டுட்டு இப்ப வேற புள்ளயோட கொடையில போறா.”

“கொட யாருது?”

“அவளோடதுதான்.”

“எனக்கு வெளங்கல புள்ள. அவ கொடைக்குள்ள அவ யாரக் கூட்டிட்டுப் போனா ஒனக்கு என்னா?”

“கம்பி ஒடஞ்சப்ப நாந்தானே டீச்சர் நூலு கட்டிக் குடுத்தேன்! அப்ப மட்டும் நா வேணும். இப்ப மழ பெய்யிறப்ப வேணாமா?”

“அட, இந்த நூலு கதய நீ சொல்லவே இல்லயே. அவகிட்ட சொன்னியா?”

சிறுமி யோசித்தாள். சொல்லவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. திரும்பி ஓடிவிட்டாள். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “யாரு புள்ள அது? பேரு கேட்டேனா நா?” என்றார், அவரைப் பற்றி எழுதப் போயிருந்த என்னிடம்.

இலங்கையில், கேகாலைப் பக்கத்துப் புளத்கொகுபிட்டியவிலிருந்து தேயிலையும் இறப்பரும் மாறி மாறி வரும் ஒரு மலைப்பாதையின் முடிவில் இருக்கிறது அந்தத் தமிழ்ப் பாடசாலை. பிலோமினா டீச்சர் அங்கே ஆலோசனை ஆசிரியர். பிள்ளைகளின் மனக்கவலைகளைக் கேட்பதுதான் அவருடைய முழுநேர வேலை. இருபது வருடங்கள் தமிழும் கத்தோலிக்க சமயமும் கற்பித்த பிறகு, வார இறுதிகளில் கொழும்புக்குப் பஸ் ஏறி உளவளத்துணையில் டிப்ளோமா முடித்தவர். ஓய்வு பெற அதிக காலம் இல்லை. குள்ளமான உருவம். கைத்தறிச் சேலை. எந்த மழையிலும் குடையை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்த தலை.

கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஆளுக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காகத்தான் கழற்றுகிறார். “நம்மள ஒருத்தர் உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா வாயில வாரதும் வயித்துக்குள்ள போயிரும்ங்க. கண்ணு தெரியாத ஆளுகிட்ட சொல்றது லேசு.” பிள்ளைகளுக்கும் இது தெரியும். கண்ணாடி கழன்றால் தங்கள் முறை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதிபர் அவருக்கென ஓர் அறை ஒதுக்கியிருந்தார். திரைச்சீலை, பூச்சாடி, கதவில் ‘ஆலோசனை அறை’ என்று பலகை. ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் அதற்கு ‘பிஸ்ஸு காம்பரா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிங்களத்தில் பிஸ்ஸு என்றால் பைத்தியம், காம்பரா என்பது தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டு அறை. அதற்குள் போய் வந்த பிள்ளையின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. டீச்சர் அறையை வலைப்பந்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் தண்ணீர்ப் பீலியடிக்குப் போனார். சாப்பாட்டுப் பெட்டி கழுவ எல்லாப் பிள்ளைகளும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். தண்ணீர் விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. டீச்சரும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார். ஏற்கெனவே கழுவிய அதே பெட்டியை இடைவேளை முடியும்வரை கழுவுகிறார்.

பெற்றோருக்கு அவர் யார் என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு தகப்பன் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, “டாக்டரம்மா, இவனுக்கு ஒரு ஊசி போட்டு வுடுங்க, படிப்பு ஏறட்டும்” என்றாராம். “எனக்கு ஊசி போடத் தெரியாதுங்க. ஒங்க மூஞ்சிதான் வாடியிருக்கு, நீங்க ஒக்காருங்க” என்றிருக்கிறார் டீச்சர். உட்கார்ந்தவர் தன் கதையைச் சொல்லி முடிக்கப் பள்ளி விடும் மணியும் அடித்துவிட்டது. மகன் அதுவரை பந்து விளையாடினான்.

‘எனக்கு வெளங்கல’ என்பது தந்திரமா, உண்மையா? இதை நான் பலரிடம் கேட்டேன். தந்திரம்தான் என்கிறார்கள் பயிற்சியில் கூடப் படித்தவர்கள். கணவர் ஞானப்பிரகாசம் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிளாக்கர். அவருடைய சாட்சியம் வேறு. “தந்திரமா? கரவனெல்லக்கிப் போறேன்னு ஏறி ரெண்டு தடவ கேகாலையில எறங்குன ஆளுங்க இது. கறியில உப்பு இருக்கானு கேட்டாக்கூட ‘எனக்கு வெளங்கல, நீங்களே சொல்லுங்க’ம்பா. முப்பது வருஷமா நாந்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

நான் போயிருந்த வாரத்தில் அவருக்கு உண்மையாகவே விளங்காத ஒன்று இருந்தது. தரம் பதினொன்றின் வகுப்பறைக்கு வெளியே, கூரை ஓரத்தில், ஜன்னலைப் பார்த்தபடி ஒரு மாணவி நின்றிருந்தாள். தோளில் சாய்த்த குடை, ஜன்னல் கட்டையில் விரித்த கொப்பி. உள்ளே கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் வெளியிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கு ஆசிரியர் பலகையில் வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினார். சாரல் ஜன்னல் பக்கம் திரும்பியபோது உள்ளிருந்த ஒரு பையன் கதவுகளில் ஒன்றை மட்டும் மூடி, மற்றதை அவளுக்காகத் திறந்து வைத்தான். யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை.

அவளை இங்கே ஷாமிளா என்று அழைக்கிறேன். “எழுதுங்க, பேர மட்டும் மாத்திருங்க” என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

கணக்கில் வகுப்பில் முதல் பிள்ளை. போன வருடம்வரை எந்தச் சிக்கலும் இல்லை. இந்த வருடம் தரம் பதினொன்றுக்கு ஏறி, வகுப்பு அந்தக் கடைசி அறைக்கு மாறிய நாளிலிருந்து உள்ளே கால் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அந்த வருடக் கடைசியில் வரும் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்கும் மண்டபம் அதே அறைதான். பாடத்தை ஜன்னல் வழியாகப் படிக்கலாம். பரீட்சையை அப்படி எழுத முடியாது.

அதிபர் கிருஷாந்த் இளைஞர், ஹட்டன் பக்கத்தவர், பெறுபேறுகளில் குறியானவர். “நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்லங்க” என்று தொடங்கினார். “ஆனா ஒரு பிள்ள மழையில நின்னு படிக்கிறத வெளியில இருந்து வந்தவங்க பாத்துட்டாங்க. நாளைக்கு போட்டோ எடுத்துப் போட்டா ஸ்கூல் பேருதான் போகும். திங்கக்கெழம உள்ள ஒக்காரணும். இல்லன்னா அம்மாவக் கூப்பிட்டு அனுப்பிடுவேன்.” அம்மாவிடமும் அவளை அனுப்ப ஓர் இடம் தயாராக இருந்தது. கொழும்பில் ஒரு புடவைக்கடைக்கு ஆள் வேண்டும் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை அவள் வாசற்படியைத் தாண்டுகிறாளா இல்லையா என்பதில்தான் பரீட்சையும் கடையும் இருந்தன.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அடம் என்றார் கணக்கு ஆசிரியர். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்பது அம்மாவின் சந்தேகம். “லவ்வு டீச்சர்” என்றார்கள் வகுப்புப் பெண்கள். யாரோடு என்று கேட்டதற்கு, “அதுதான் டீச்சர் எங்களுக்கும் தெரியல” என்றார்கள் மிகுந்த கவலையோடு.

டீச்சர் முதலில் தவறாகத்தான் ஊகித்தார். பையன்கள் ஏதோ கேலி செய்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, வகுப்புப் பையன்கள் அத்தனை பேரையும் ஜன்னலருகே நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டார்கள். ஒரே குரலில், காலைப் பிரார்த்தனைபோல. ஷாமிளா குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஜன்னல் திறந்து வைக்கிற பையன் நிரோஷன் மட்டும் கையை உயர்த்தினான்.

“டீச்சர், எதுக்குன்னு சொன்னீங்கன்னா இன்னும் நல்லாக் கேப்போம்.”

“ஏன்டா, நீங்க ஒண்ணுமே செய்யலயா?”

“கேம்ப்ல அவங்க சீலையும் எங்க சீலையும் பக்கத்துப் பக்கத்துல டீச்சர். அப்பயே நாங்க சண்ட போட்டதில்ல. இப்பப் போயி என்னாத்துக்கு?”

“சீலையா? எனக்கு வெளங்கல. என்னா கேம்ப்பு?”

இப்போது வகுப்பே டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்தது. இரண்டு வருடங்களுக்கு முன் மண் சரிந்து, தோட்டத்தின் மேல் டிவிசனில் லயங்கள் இரண்டு புதைந்தபோது, தோட்டத்துக் குடும்பங்களும் கீழே கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் சேர்ந்து தங்கியது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான். வகுப்பறைக்குள் கயிறு கட்டி, சேலைகளைத் தொங்கவிட்டு, வீடு வீடாகப் பிரித்துக்கொண்டார்கள். ஷாமிளாவின் குடும்பத்துக்கு அந்தக் கடைசி அறையின் மூலை. பிலோமினா டீச்சரும் அதிபரும் அதற்குப் பிறகு மாற்றலாகி வந்தவர்கள். எல்லோருக்கும் தெரிந்த விடயம் என்பதால் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே டீச்சர் மலையேறினார். ஷாமிளாவின் குடும்பம் இன்னும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறது. அம்மா பிரேமலதா விடியும் முன்பே பால்வெட்டப் போகிறவர். விரல்களில் காய்ந்த இறப்பர் பால் தோல்போல ஒட்டியிருந்தது. பிளேன்டீயை வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

“எம்புள்ளைக்கு பிஸ்ஸுன்னு முடிவு பண்ணிட்டீங்களா டீச்சர்?”

“ஒங்க புள்ளைக்கு ஒண்ணுமில்லங்க. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. அந்த மூலையில என்னா நடந்துச்சு?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அம்மா உட்கார்ந்தார்.

முகாமில் இருந்தபோதுதான் ஷாமிளா பெரியபிள்ளை ஆனாள். குடிசை கட்ட ஓலைக்கு எங்கே போவது? மூலையை இன்னும் இரண்டு சேலைகளால் மறைத்து அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். அடுத்த சேலைக்குப் பின்னால் இருந்த சுமனாவதி என்ற கிராமத்துச் சிங்களப் பெண்தான் எல்லாவற்றுக்கும் கூட நின்றார். அவர்கள் பக்கத்திலும் இதே வழக்கம் உண்டு. ஆனால் நாளும் நேரமும் வேறு. அவர்கள் நெகத பார்ப்பார்கள், நல்ல நேரம் எப்போது விழுகிறதோ அப்போது தண்ணீர் ஊற்றி வெளியே அழைப்பார்கள். எங்கள் கணக்குப்படி அதற்கு இன்னும் நாள் கிடந்தது என்கிறார் பிரேமலதா. அதனால் இருவருக்கும் சேலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தினமும் வாக்குவாதம். இதற்கு நடுவே, மண்ணில் கால் நசுங்கிய கணவரைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து வர வேண்டும்.

“ஒரு நா ஆஸ்பத்திரியில இருந்து வந்து பாத்தேன், கேம்ப்ப மூடுறாங்க. லொறி நிக்கிது. புள்ள புது கவுனப் போட்டு வெளிய நிக்கிறா. சரி, அக்கா அவங்க நெகதயில தண்ணி ஊத்திட்டாங்கன்னு நெனச்சேன். மனசு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. எங்கண்ணன் வந்து சீர் வக்கல, ஒண்ணும் செய்யல. இருந்தாலும் செஞ்சவங்க நல்ல மனசோட செஞ்சாங்கன்னு வுட்டுட்டேன்.”

மறுநாள் டீச்சர் கீழே கிராமத்துக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். சுமனாவதி வெற்றிலைக் கொடிகளுக்கு நார் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சு முழுவதும் சிங்களத்தில். அவர் சொன்ன கதை வேறாக இருந்தது. தன் நெகத விழுந்த காலையிலேயே தன் குடும்பத்தை விகாரைக்கு மாற்றிவிட்டார்கள். சாமான்களை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது பிள்ளை வெளியே நிற்கிறாள், தலைமுடியெல்லாம் ஈரம். தாயும் லொறியருகே நிற்கிறாள். சரி, தாய் அவர்கள் முறைப்படி ஊற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாராம். நெகத தவறிய கோபத்தில் விடைபெறாமலே போய்விட்டாராம். “அனே, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?” என்று கையிலிருந்த நாரைக் கீழே போட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “அம்மா சொல்றா அக்கா ஊத்துனான்னு. அக்கா சொல்றா அம்மா ஊத்துனான்னு. எனக்கு நெசமாவே வெளங்கல.” தவறான பஸ்ஸில் ஏறப் போனவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பீலியடியில் நடந்ததை ஷாமிளா பிறகு சொன்னாள். டீச்சர் தன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளும் தன்னுடையதைக் கழுவினாள். அம்மாவும் சுமனாவதியும் சொன்னதை டீச்சர் அப்படியே சொன்னார். ஈரக் கையோடே கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்கு வெளங்கல புள்ள. யாருதான் ஊத்துனா?”

மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். மணியும் அடித்துவிட்டது. அவள் பீலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“மழ ஊத்துச்சு டீச்சர்.”

லொறிக்காரன் அவசரப்படுத்தியபோது அம்மா இல்லை, அக்காவும் இல்லை. மூட்டைகளை வெளியே எடுத்து வைக்க வேறு யாரும் இல்லாததால் அவளே சேலையை விலக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினாள். உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது. காய்ந்ததாக இருந்தது, சுமனாவதி அந்த நாளுக்கென வாங்கி வைத்திருந்த புது கவுன் மட்டுந்தான். அதைப் போட்டுக்கொண்டாள். அம்மாவும் அக்காவும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிறாள். அப்பாவின் கால் அந்த நிலையில் இருக்கும்போது, தானாகப் போய் எப்படிச் சொல்வது?

“கழுவாமலேயே வெளிய வந்துட்டேன் டீச்சர். அந்தத் தீட்டு அந்த வகுப்புலதான் கெடக்கு. அதுக்கப்பறம் பாருங்க. காத்துல அந்த வகுப்புக் கூரதான் போச்சு. கணக்கு சேர் அந்த வாசல்லதான் வழுக்கி வுழுந்து கைய ஒடச்சுக்கிட்டாரு. போன வருஷம் அதுல இருந்து ஒருத்தர்கூட கணக்குப் பாஸாகல. நா உள்ள போனா அது இன்னும் கூடிரும், இவங்களும் பெயிலாப் போயிருவாங்க. நிரோஷன் பாஸாகிட்டா அவங்கப்பா அவனக் கெம்பஸ் வரைக்கும் படிக்க வக்கிறேன்னு சொல்லியிருக்காரு.”

இவ்வளவு காலமும் அந்த அறைக்குப் பயந்து வெளியே நிற்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உள்ளே இருப்பவர்களுக்குக் காவலாக நின்றிருக்கிறாள்.

கணக்கில் கோட்டை விடுவது அந்தப் பள்ளியில் முகாமுக்கு முந்திய வழக்கம். டீச்சர் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “டிப்ளோமாவுல படிச்சதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா எங்க வீட்லயும் தண்ணி ஊத்துவோம். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திட்டு ஊத்துவோம். எனக்கு ஊத்தாம வுட்டிருந்தா நா என்னாவா இருந்திருப்பேன்னு யோசிச்சேன். வெளங்கல.” அவர் ஷாமிளாவிடம் கேட்டது ஒன்றுதான்.

“மழ ஊத்துனா கணக்குல வராதா புள்ள?”

“மழைக்குத் தெரியுமா டீச்சர் எனக்குத்தான் ஊத்துறோம்னு?”

டீச்சர் பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். “அம்மாகிட்ட நீ சொல்றியா, நா சொல்லவா, இல்ல ரெண்டு பேருமே சொல்லாம இருப்பமா?” என்றார்.

“நீங்க சொல்லுங்க. நா அடுப்புகிட்ட நிக்கிறேன்.”

சனிக்கிழமை தகரக் கொட்டிலில் பிரேமலதா அழுது தீர்த்தார். ஞாயிறு அன்று டீச்சர் அவரைச் சுமனாவதியிடம் அழைத்துப் போனார். இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். அடுத்த நிமிடமே முகாமில் பாதியில் விட்ட வாக்குவாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள். எந்தப் பக்கம் முகம் பார்த்து நிற்க வேண்டும்? மஞ்சள் தண்ணீரா, பூப்போட்ட பானைத் தண்ணீரா? நெகத எத்தனை மணிக்கு, இராகுகாலம் எத்தனை மணிக்கு? சிங்களத்தில் தொடங்கிய சண்டை தமிழில் முடிந்தது. ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். விட்ட இடத்தில்தான் முடிக்க வேண்டும்.

ஆகவே திங்கட்கிழமை, பள்ளி கூடுவதற்கு முன், பீலியடியைச் சுற்றி மறுபடியும் சேலைகள் கட்டப்பட்டன. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆண்களுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை என்று நான் படிக்கட்டிலேயே நிறுத்தப்பட்டேன். கேட்டது மட்டும் இது.

“அக்கே, இருங்க, நா மொதல்ல.” இது பிரேமலதா.

சுமனாவதி சிங்களத்தில் ஏதோ அதட்டினார். பிறகு இரண்டு பாத்திரத் தண்ணீரும் ஒரே நேரத்தில் விழுந்த சத்தம்.

“அய்யோ குளுருது! ரெண்டு பேரும் சேந்தா ஊத்துறது? ஒருத்தர் ஊத்துனாப் போதாதா?”

“பேசாம நில்லுடி! ரெண்டு வருஷப் பாக்கி!”

சேலைக்குப் பின்னால் மூன்று பெண்கள் சிரித்தார்கள். நான்காவது சிரிப்பு டீச்சருடையது.

இந்த நேரத்தில் அதிபர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சேலைகளைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றவும் மறந்துவிட்டார்.

“டீச்சர்! என்னா இது? ஸ்கூலுக்குள்ள சடங்கா? மேல யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

டீச்சர் சேலை மறைப்பிலிருந்து வெளியே வந்தார். முழங்கைவரை மஞ்சள்.

“எனக்கு வெளங்கல சேர். சோத்துப் பொட்டி கழுவுற பீலியில தல கழுவக் கூடாதுன்னு சுற்றுநிருபம் ஏதும் வந்துச்சா?”

அதிபர் வாயைத் திறந்தார். யோசித்தார். “எனக்குத் தெரிய இல்ல” என்றார். பிறகு, தான் எதையோ ஒப்புக்கொண்டுவிட்டதை உணர்ந்தவர்போல, “மணி அடிக்க முந்தி முடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

இப்படிச் செய்தால் பிள்ளையின் பயத்தைச் சரி என்று சொன்னதாக ஆகிவிடாதா என்று டீச்சரிடம் கேட்டேன். கேட்கத்தான் வேண்டியிருந்தது. அவர் நகக்கண்ணிலிருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டே பதில் சொன்னார்.

“ஆகலாம். நா செஞ்சது சரியா பிழையான்னு சனிக்கெழமையில இருந்து யோசிக்கிறேன். ராத்திரி எங்க வீட்டுக்காரரு வேற கேக்குறாரு, இதுதான் கொழும்புல படிச்ச படிப்பான்னு. தீட்டுன்னு ஒண்ணு இல்லன்னு அந்தப் புள்ளகிட்ட ஒரு நாளைக்குச் சொல்லணும். ஆனா இன்னைக்குச் சொன்னா, அன்னைக்குக் கழுவ ஆளு வராததுக்கு அது ஒரு சாக்குன்னு அவளுக்குப் படும். பரீட்ச முடியட்டும். நெறைய சண்ட போடலாம். அதுக்கும் மேல, இன்னைக்கு உள்ள போவாளான்னே எனக்குத் தெரியாதுங்க. தண்ணி ஊத்துனதால எல்லாம் போயிருமா? வெளங்கல.”

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வகுப்புகளுக்குப் போனார்கள். தரம் பதினொன்றும் கடைசி அறைக்குள் நுழைந்து உட்கார்ந்தது. சுமனாவதியும் பிரேமலதாவும் பீலியடியில் சேலைகளை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்து முறுக்கினார்கள், கண் மட்டும் வகுப்புப் பக்கம். அதிபர் அலுவலக வாசலில் வந்து நின்று, மழையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

ஷாமிளா வெள்ளைச் சீருடையில் விறாந்தை வழியாக வந்தாள். பின்னிய சடையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜன்னலடியில், வழக்கமாக நிற்கும் இடத்தில், கால்கள் தாமாகவே நின்றன. கொப்பியைக் கட்டையில் வைக்கப் போனாள். உள்ளே நிரோஷன் எழுந்து, இதுவரை அவளுக்காகத் திறந்து வைத்த அந்த ஒற்றை ஜன்னல் கதவை மெதுவாக மூடினான். கணக்கு ஆசிரியர் வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார். அவள் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னும் சில அடிகள் நடந்து, வாசற்படிக்கு முன் வந்தாள். அங்கே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு தலையைத் திருப்பி, விறாந்தைத் தூணருகே நின்ற டீச்சரைப் பார்த்தாள்.

அந்த வாசலை அப்போது பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. பிலோமினா டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். மழைப்பக்கம் திரும்பி நின்று, மஞ்சள் படிந்த சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கத் தொடங்கினார்.

அவருக்குப் பின்னால், உள்ளே, ஒரு பெஞ்சு சிமெந்துத் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கணக்கு ஆசிரியரின் வெண்கட்டி பலகையில் உரசத் தொடங்கியது. டீச்சர் திரும்பவில்லை. எப்போதோ துடைத்து முடிந்துவிட்ட கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டே நின்றார்.